ஓய்வு வேளை: கட்டிலுக்கடியில் ஓர் இருப்புப்பாதை

பழைய விளையாட்டுப் புகைவண்டி ஒன்று வீட்டில் இருந்தால் அதை என்ன செய்வது என்று சங்க அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். தகரப் பெட்டிக்குள் ஓர் எஞ்சினும், எட்டுச் சரக்கு வண்டிகளும், ஒரு கட்டுத் தண்டவாளமும் இருக்கின்றனவாம். பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்து விலையும் சொல்லிச் சென்றிருக்கிறார். விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் இரண்டு அறை வீட்டில் எங்கே ஓட்டுவது? இவையே அவருடைய வினாக்கள். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நம்மிடம் இவை வந்து சேர்ந்தது பொருத்தமே. பகலெல்லாம் பெரிய வண்டிகளின் கணக்கை எழுதும் கைக்கு, மாலையில் சிறிய வண்டியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இல்லாமற் போகுமா? ஆகவே இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் அவ்வன்பருக்கே ஒதுக்குகிறோம்.

சிறிய இருப்புப்பாதை என்றதும் பலருக்கு நினைவில் வருவது குவாலியர் அரண்மனை. அங்கே ஜெய் விலாஸ் மாளிகையின் விருந்து மேசைமேல் தண்டவாளம் அமைத்து, விருந்தினர்க்கு மதுவும் சுருட்டும் ஏற்றிச் செல்ல வெள்ளியால் ஒரு வண்டி செய்து வைத்தனர். மராட்டிய நாட்டில் வாழும் நம் அன்பர்கள் புனே நகரத்துக் கோத்ரூடில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றிருப்புப்பாதைக் காட்சிசாலையைக் கண்டிருக்கக்கூடும். முன்னதற்கு அரண்மனை வேண்டும். பின்னதற்குப் பெரிய கூடம் வேண்டும். நமக்கு வாய்த்தவையோ இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கட்டில். அந்தக் கட்டிலின் அடியில் அடங்கக்கூடிய இருப்புப்பாதையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பெட்டியில் உள்ள பொருளின் வரலாற்றை அறிந்துகொள்வோம். விளையாட்டு வண்டிகளின் தண்டவாள அகலத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர்கள் ஜெர்மனி நாட்டு மார்க்லின் நிறுவனத்தார். அவர்கள் 1891-ல் லைப்சிக் சந்தையில் அதனைக் காட்டினர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் முறைக்கு 1901-ல் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகம் அறிந்தது அதுவே. அவருடைய நிறுவனம் 1920-ல் சாவி முடுக்கி ஓட்டும் புகைவண்டிகளை விற்கத் தொடங்கியது. ஹார்ன்பி 1936-ல் மறைந்தார். இரண்டாண்டு கழித்து, 1938-ல், அந்நிறுவனம் ‘ஹார்ன்பி டப்லோ’ என்னும் புதிய வரிசையை வெளியிட்டது. முந்தைய வண்டிகளின் தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர்; டப்லோவுக்கு அதில் ஏறக்குறையப் பாதியான 16.5 மில்லிமீட்டர். சிறிய வீடுகளில் வாழ்வோரும் புகைவண்டி ஓட்ட அது வழிசெய்தது. 1964-ல் நிறுவனம் போட்டியாளரான லைன்ஸ் சகோதரர்களின் கைக்கு மாறவே, டப்லோ உற்பத்தி நின்றது. லிவர்பூல் பின்ஸ் சாலையிலிருந்த தொழிற்சாலையும் 1979-ல் மூடப்பட்டது. எனவே அக்காலத்து டப்லோ வண்டி எதுவாயினும் இன்று அறுபது வயதைக் கடந்ததே.

லிவர்பூலில் பிறந்த வண்டி தமிழர் வீட்டுத் தகரப் பெட்டிக்கு எவ்வாறு வந்தது என்று கேட்கலாம். பெரம்பூர், அரக்கோணம், சோலையார்பேட்டை, பொன்மலை முதலிய இடங்களின் ரயில்வே குடியிருப்புக்களில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர் அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். கப்பலில் ஏற்ற இயலாதவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துச் சென்றனர். நம் அன்பரின் பெட்டியும் அவ்வாறு வந்ததே. அவருடைய பாட்டனார் சோலையார்பேட்டையில் நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்தவர். அடுத்த வீட்டு டிரைவர் ஊரைவிட்டுப் போகும்போது, பயர்மேனின் பத்து வயது மகன் கையில் இப்பெட்டியைக் கொடுத்துச் சென்றார். அந்தப் பத்து வயது மகனே இன்று எழுபத்தைந்தை எட்டியுள்ள அன்பரின் தந்தையார்.

இத்தகைய பெட்டி கைவசம் உள்ளவர்கள் முதலில் ஓர் அடிக்கோலை எடுத்து, தண்டவாளத்தின் உட்புற அகலத்தை அளக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் இருந்தால் அது பெரிய வகை. சாவியால் முடுக்கும் எஞ்சினாயின் சுருள்வில்லை மிகுதியாக முறுக்கலாகாது. எடுத்து வைக்கும்போது வில் தளர்ந்த நிலையில் வைக்க வேண்டும். 16.5 மில்லிமீட்டர் இருந்து, நடுவே மூன்றாவது தண்டவாளமும் இருந்தால் அது பெரும்பாலும் டப்லோ. அது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. ஆனால் மார்க்லின் நிறுவனத்தாரும் அதே அகலத்தில், நடுவே மின்சாரம் எடுக்கும் வண்டிகளைச் செய்தனர். அவை மாறுமின்சாரத்தில் ஓடுபவை. ஆதலால் எஞ்சினின் அடியில் பொறித்துள்ள பெயரைப் படிக்காமல் மின்சாரம் கொடுக்கலாகாது. மாறுமின்சாரம் டப்லோவுக்குள் சென்றால் மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும்; அதன் காந்தமும் வலுவிழக்கும்.

இன்னொரு செய்தி: டப்லோ 1959 முதல் இரண்டு தண்டவாள முறைக்கும் மாறியது. மூன்று தண்டவாள வண்டிகளின் உலோகச் சக்கரங்களை இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால், இருபுறத்து மின்சாரமும் சக்கரத்தின் வழியே இணைந்து குறுக்குச் சுற்று ஏற்படும். இரண்டையும் கலக்க வேண்டா.

அளவுக் கணக்கு நம் இருப்புப்பாதைக் குடும்பங்களுக்குச் சுவை தரும். டப்லோவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது உண்மைப் பொருளில் 76-ல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவு இதில் 13 மீட்டர் ஆகிறது. பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிப் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம். அதை இவ்வளவில் செய்தால் 28 சென்டிமீட்டர் வரும். நான்கு பெட்டிகளைக் கோத்தாலே கட்டில் நிறைந்துவிடும்! இதனால்தான் சிறிய இடத்துக்குப் பயணி வண்டி ஒத்துவருவதில்லை. பழைய ஆங்கிலேய நான்கு சக்கரச் சரக்கு வண்டியோ இணைப்புக் கொக்கியுடன் சேர்த்து 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எட்டு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினால் இரண்டரை அடிக்குச் சற்று மிகும், அவ்வளவே.

இப்பொழுது பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். சிறுவர்கள் முதலில் கேட்பது வட்டப் பாதை. டப்லோவின் வழக்கமான வளைவு 15 அங்குல ஆரம் உடையது. விட்டம் 30 அங்குலம். ஓரத்தில் வண்டி விழாமலிருக்கச் சிறிது இடமும் வேண்டும். ஆக மூன்றடிச் சதுரப் பலகை தேவை. அதை வைத்தால் அறையில் பாய் விரிக்க இடமிராது. மேலும் வட்டத்தில் சுற்றும் வண்டியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? பத்து நிமிடத்தில் சிறுவன் எழுந்து போய்விடுவான்.

ஆகவே நாம் பரிந்துரைப்பது ஷண்டிங் பாதை. இங்கிலாந்து நாட்டு ஆலன் ரைட் என்பவர் ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ என்ற பெயரில் அமைத்த சிறிய பாதை, இன்று உலகெங்கும் உள்ள ஆர்வலர்களால் பின்பற்றப்படுகிறது. அதன் அமைப்பு மிக எளியது. இடப்புறம் எஞ்சினுக்குரிய முன்பாதை ஒன்று. அது இரண்டு பாயிண்டுகளால் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஐந்து வண்டிகள் நிற்க இடம். மற்ற இரண்டிலும் மும்மூன்று வண்டிகளுக்கு இடம். முன்பாதையில் எஞ்சினும் மூன்று வண்டிகளும் மட்டுமே அடங்க வேண்டும். மொத்த வண்டிகள் எட்டு.

விளையாட்டின் விதியும் எளியது. தொடக்கத்தில் ஐந்து வண்டிகள் நீண்ட கிளையிலும், மூன்று வண்டிகள் குறுங்கிளை ஒன்றிலும் நிற்கும். வண்டிக்கு ஒன்றாக எட்டுச் சீட்டுகளை எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசைப்படியே அந்த ஐந்து வண்டிகளையும் நீண்ட கிளையில் கோத்து நிறுத்த வேண்டும். வண்டியைக் கையால் தூக்கலாகாது. எஞ்சின்தான் இழுக்கவும் தள்ளவும் வேண்டும்.

கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால் தெரியும். எட்டு வண்டிகளில் ஐந்தை வரிசைப்படுத்தும் வகைகள் 6,720. நாளைக்கு ஒன்றாக ஆடினாலும் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் வேண்டும். கிளைகளில் இருக்கும் இடங்கள் பதினொன்று, வண்டிகள் எட்டு, ஆக வெற்றிடம் மூன்று. அந்த மூன்று வெற்றிடங்களை எவ்வாறு ஆள்வது என்பதே ஆட்டம் முழுவதும். பெரிய யார்டுகளில் நம்மவர் நாள்தோறும் செய்யும் வேலையும் இதுவன்றோ? அமெரிக்க நாட்டு ஜான் ஆலன் என்பவரும் 1972-ல் ‘டைம்சேவர்’ என்னும் ஷண்டிங் புதிர் ஒன்றை வெளியிட்டார். அதில் பாயிண்டுகள் மிகுதி. தொடங்குவோர்க்கு ரைட் வகுத்ததே போதும்.

இனிப் பலகையைக் கவனிப்போம். எஞ்சின் 15 சென்டிமீட்டர், மூன்று வண்டிகள் 30. ஆக முன்பாதை 45 சென்டிமீட்டர். பாயிண்டுகள் இரண்டுக்கும் சேர்த்து 50 சென்டிமீட்டர் விடலாம். குறுங்கிளை 30 சென்டிமீட்டர். முதற் பாயிண்டிலேயே பிரிந்து செல்லும் நீண்ட கிளை 50 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஐந்தடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகை தாராளமாகப் போதும். ஆனால் நம் கணக்கை நம்பிப் பலகையை அறுக்க வேண்டா. தண்டவாளத்தையும் வண்டிகளையும் தரையில் பரப்பி, அளந்து, அதன் பின்னரே தச்சரிடம் செல்க.

பலகையை ஒரே துண்டாகச் செய்யலாகாது என்பதை வலியுறுத்துகிறோம். இரண்டரை அடி நீளமுள்ள இரண்டு பாதிகளாகச் செய்து, இரண்டு போல்ட்டுகளால் இணைக்க வேண்டும். மாற்றல் உத்தரவு எப்பொழுது வரும் என்று அறியாதவர்கள் நாம். இரண்டு பாதிகளையும் முகத்துக்கு முகம் வைத்துக் கட்டினால், மெத்தைச் சுருளுடன் ஒன்றாய்ப் பயணப்படும். 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும், அடியில் இரண்டங்குலச் சட்டமும் போதும். பாதிகள் சேருமிடத்தில் தண்டவாளமும் பிரிய வேண்டும். பாயிண்டு அவ்விடத்தில் விழாதபடி பார்த்துக்கொள்க. வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் மழைக்காலத்தில் பலகை ஊதிவிடும். சுற்றிலும் நான்கங்குல உயரத்துக்கு மெல்லிய பலகை அடித்து, மேலே பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தினால் தூசி அண்டாது. கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டா. பழைய பெட்டிகளில் பழைய மின்மாற்றியும் இருக்கும். அதன் கம்பிமேல் உள்ள ரப்பர் உறை அறுபது ஆண்டில் உதிர்ந்திருக்கும்; வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த மின்மாற்றியாயின் அந்நாட்டின் 110 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் செருகினால் எரிந்துவிடும். பழையதைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, 12 வோல்ட் நேர்மின்சாரம் தருவதும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதும், மிகை மின்சாரம் பாய்ந்தால் தானே நின்றுவிடுவதுமான புதிய சாதனம் ஒன்றை வாங்குக. நமக்கு எஞ்சின் ஒன்றே. ஆதலால் இரண்டு கம்பிகள் போதும். ஒன்று நடுத் தண்டவாளத்துக்கு. மற்றொன்று ஓரத் தண்டவாளத்துக்கு.

துப்புரவு செய்வதிலும் நிதானம் வேண்டும். தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்கலாகாது. கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகப் படியும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதே முறை. தண்டவாளத்தின் அடித்தளம் தகரம்; நீர் பட்டால் துருவேறும். எஞ்சினின் அச்சுக்களுக்கு ஊசி முனையில் தொட்டு ஒரு துளி எண்ணெய் போதும். மிகுந்தால் அது மோட்டாரின் மின்சாரம் ஏறும் பகுதியில் படிந்து ஓட்டத்தைக் கெடுக்கும். மோட்டாரின் சுழலும் பாகத்தைக் கழற்றவேண்டா. பழைய குதிரைலாடக் காந்தம், நடுவிலுள்ள இரும்பு நீங்கியதும் வலுக்குன்றும் இயல்புடையது.

எஞ்சின் உடல் துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்க்கப்பட்டது. வார்ப்பில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், காலப்போக்கில் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். போருக்கு முற்பட்ட வார்ப்புகளில் இது மிகுதி. வெப்பமும் ஈரமும் இதனை விரைவுபடுத்தும். வந்தபின் மருந்தில்லை. ஆதலால் வாங்குவோரும் விற்போரும் முதலில் தேட வேண்டியது மயிரிழை விரிசலையும் உடல் உப்பலையுமே. வீட்டில் வைத்திருப்போர் பரணைத் தவிர்த்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் நிழலான அலமாரியில் வைக்க வேண்டும். இன்னும் ஒன்று: பழைய வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். எதையும் வாயில் வைக்கும் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. தேய்த்துப் புதுவண்ணம் பூசவும் முயலலாகாது. பூசினால் உடல்நலத்துக்கும் கேடு, பொருளின் மதிப்புக்கும் கேடு.

இவ்வளவும் நூலறிவு போலத் தோன்றலாம். நாம் அன்பர் இல்லத்துக்கு நேரிலேயே சென்றோம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை அமைந்தது. அங்கே நாம் கண்டதையும் சொல்ல வேண்டும்.

அன்பரின் தந்தையார் சோலையார்பேட்டை யார்டில் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, ஷண்டிங் ஜமேதாராக ஓய்வு பெற்றவர். மனைவியார் மறைந்த பின்னர் மகனுடன் இவ்வடநகருக்கு வந்தார். இங்கே அவருக்கு மொழி தெரியாது, பேச ஆளில்லை. பகல் முழுவதும் தாழ்வாரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பாட்டனார் தமிழில் கேட்டால் அவன் இந்தியில் விடை சொல்வான். பிறகு அதுவும் குறைந்து, தலையசைப்பில் முடியும். மகனுக்கோ பேரனின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். பழம்பொருள் வணிகர் சொன்ன விலை ஒரு தவணைக்கு ஈடாகும். தந்தையாரைக் கேட்டபோது, “உன் இஷ்டம்ப்பா” என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாராம். அந்த விடையே அன்பரை நமக்குக் கடிதம் எழுத வைத்தது.

பலகை தயாரானதும், சீட்டுகளைக் குலுக்கி எடுத்தான் சிறுவன். எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டினான். அரைமணி கழிந்தும் இரண்டு வண்டிகளே ஒழுங்காயின. பாட்டனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து வந்தார்.

“டேய் ராஜா, அவசரப்படாதே. கடைசிலே நிக்க வேண்டிய வண்டி எது? அதை முதல்லே உள்ளே தள்ளு. வேண்டாததை அந்தச் சின்ன லைன்லே போட்டு வை. எஞ்சினை நவுத்துறதுக்கு முன்னாடி மனசுக்குள்ளே நவுத்திப் பாரு.”

ஷண்டிங் வேலையின் சாரம் முழுவதும் இம்மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றியது. கிளையின் முட்டுக்கட்டையை ஒட்டி நிற்க வேண்டிய வண்டியை முதலில் சேர்க்க வேண்டும், இடையில் வருவதைக் குறுங்கிளையில் ஒதுக்க வேண்டும், வெற்றிடத்தை வீணாக்கலாகாது. சிறுவன் இந்தியில் ஏதோ மறுத்தான். “எனக்கு அது புரியாதுடா, தமிழ்லே சொல்லு” என்றார் முதியவர். அவன் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான். சொல்லாவிட்டால் அடுத்த நகர்வு கிடைக்காதே!

எஞ்சின் வேகத்தைப் பற்றியும் அவர் ஒரு சொல் சொன்னார். சிறுவன் குமிழை முழுவதும் திருகிவிட்டான்; வண்டிகள் மோதிக் கவிழ்ந்தன. யார்டில் இப்படி மோதினால் உள்ளே நிற்கிறவன் கை போய்விடும் என்றார் பாட்டனார். அவருடைய இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அதைச் சிறுவன் பல நாள் பார்த்திருப்பான்; ஏன் என்று அன்றுதான் கேட்டான். அதன்பின் அவ்வீட்டில் குமிழ் மெதுவாகவே திரும்புகிறது. ஷண்டிங்கில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மிகலாகாது என்பது நம் இருப்புப்பாதை விதி. டப்லோ அளவில் அது வினாடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். பலகையின் ஐந்தடியையும் கடக்க 28 வினாடி. கடிகாரத்தை வைத்துப் பார்த்து வேகத்தை அமைக்கலாம். எஞ்சினின் காந்தம் சற்றே தளர்ந்திருந்தது இதற்கு உதவியே ஆயிற்று!

சீட்டுகளைப் பற்றி ஒரு யோசனை சொல்லி முடிக்கிறோம். வெறும் எண்களை எழுதுவதைவிட, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சரக்கும் ஊரும் எழுதுவது சுவை தரும். தஞ்சாவூர் நெல், தூத்துக்குடி உப்பு, ஈரோடு மஞ்சள், சிவகாசித் தீப்பெட்டி, நெய்வேலி நிலக்கரி, பொள்ளாச்சித் தேங்காய் என்பன போல எட்டு ஊர்கள். சீட்டைத் தமிழில் எழுதும் பொறுப்பைச் சிறுவரிடமே விட வேண்டும். எந்த ஊரில் எது விளைகிறது, அது எந்த வழியாக வரும் என்று முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அன்பர் இல்லத்துச் சிறுவன் தூத்துக்குடிக்கு ஒற்றுப் போட மறந்தான். பாட்டனார் பொறுமையாய்த் திருத்தினார். சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு அவனை அனுப்புவதற்குப் பெற்றோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். இங்கே எவரும் சொல்லாமலே எட்டுச் சீட்டு முடிந்து, அடுத்த எட்டையும் எழுதத் தொடங்கினான்.

இனி விற்பனை வினாவுக்கு வருவோம். விற்பது தவறென்று நாம் சொல்லமாட்டோம். குடும்பத்தின் தேவை எதுவென்று குடும்பத் தலைவருக்கே தெரியும். ஆனால் முதலில் வந்தவர் சொன்ன விலைக்குக் கொடுக்கலாகாது. மூல வண்ணம் குலையாமலிருந்தாலும், அட்டைப் பெட்டிகள் இருந்தாலும் மதிப்பு உயரும்; இன்னும் இருவரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும். விளையாட்டுக்கு வேண்டுபவை ஓர் எஞ்சின், எட்டு வண்டிகள், இரண்டு பாயிண்டுகள், சிறிது தண்டவாளம் ஆகியவை மட்டுமே. மிஞ்சியவற்றை விற்றும் பயன் பெறலாம். நம் அன்பரின் கட்டில் வளைவுத் தண்டவாளம் மட்டும் பதினாறு துண்டு இருந்தது. ஷண்டிங் பாதைக்கு அவை வேண்டா. அவற்றையும் பழைய மின்மாற்றியையும் கொடுத்துவிட்டார். கிடைத்தது தவணையில் ஒரு சிறு பகுதியே. மீதிக்கு அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதிக் கொடுத்திருக்கிறார். எஞ்சினை விற்கும் பேச்சை அடுத்த தவணை வரை ஒத்திவைத்திருக்கிறார். அப்பொழுது என்ன முடிவு செய்வார் என்பது அவர் கையில்.

பொருளுக்கு வணிகர் ஒரு விலை சொல்லலாம். பாட்டனாரும் பேரனும் ஒரு பலகையின் இருபுறமும் அமர்ந்து ஒரே மொழியில் வழக்காடும் மாலைப்பொழுதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அலுவலகப் பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

பழைய வண்டி இல்லாதவர்கள் மனந்தளர வேண்டா. அட்டையில் எட்டு வண்டிகளை வெட்டி, காகிதத்தில் மூன்று கிளைகளை வரைந்து, விரலையே எஞ்சினாகக் கொண்டும் இப்புதிரை ஆடலாம். ஒருவர் எத்தனை நகர்வில் முடித்தார் என்பதை எழுதி வைத்தால், குடும்பத்தில் போட்டியும் வளரும். யார்டில் வேலை பார்த்த பெரியவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் இன்னும் பலர் இருப்பர். அவர்கள் கையாண்ட ஷண்டிங் உத்திகளை எழுதியனுப்பினால், சிறுவர்களும் ஆடிப் பார்க்கத்தக்க புதிர்களாக அமைத்து இப்பகுதியில் வெளியிட அணியமாக இருக்கிறோம். எழுதக் கை நடுங்கும் பெரியவர்கள் சொல்ல, வீட்டுச் சிறுவர் எழுதி அனுப்பட்டும்; எழுத்துப் பிழைகளை நாம் திருத்திக்கொள்கிறோம்.